முகப்பருவைக் குறைக்கும் உணவு முறை

வாலிபப் பருவத்தில் முகத்தில் தோன்றும் பருக்களைப் பற்றி வேளாண்மை இதழில் எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் பருவுக்கும் நாம் விளைவித்து உண்ணும் தானியத்திற்கும் தொடர்பு உண்டு. மேலும் புதுக்கோட்டை மாவட்டத்தின் சிற்றூர்களிலும் இளைஞர்கள் களிம்புகளுக்குப் பணத்தைச் செலவிட்டு, சில வேளைகளில் முகத்தையும் கெடுத்துக் கொள்கின்றனர். ஆகவே உழவர் குடும்பத்தார் இதனை அறிந்திருப்பது நன்று.

பரு உண்டாகும் விதம்

தோலில் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. வயதுக்கு வரும் காலத்தில் இவை மிகுதியாகச் சுரக்கும். உதிர்ந்த தோல் செல்கள் துளையை அடைத்துக் கொண்டால், மதகு தூர்ந்த மடையில் நீர் தேங்குவதுபோல் எண்ணெய் உள்ளே தேங்கும். அங்கே பாக்டீரியாக்கள் பெருகி வீக்கமும் சீழும் ஏற்படும். 12 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 85 பேருக்கு ஓரளவேனும் பரு வருகிறது. இது அழுக்கினால் வருவதன்று. ஆகவே ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை சோப்புப் போட்டுத் தேய்ப்பதால் தோல் வறண்டு எரியுமே தவிர வேறு பயனில்லை.

உணவின் பங்கு

தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை போன்றவை விரைவாகச் செரித்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகின்றன. அதைச் சமாளிக்க இன்சுலின் அதிகமாகச் சுரக்கிறது. இந்த இன்சுலின் எண்ணெய்ச் சுரப்பிகளையும் தூண்டிவிடுகிறது.

பப்புவா நியூ கினி நாட்டைச் சேர்ந்த கிட்டவா தீவில் 1,200 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. ஒருவருக்குக்கூடப் பரு காணப்படவில்லை. அவர்கள் உண்டவை கிழங்கு, பழம், மீன், தேங்காய் ஆகியவையே. பரம்பரையும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதால் இதை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது. ஆனால் 2007-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வில், பரு உள்ள 43 ஆண்களை இரு பிரிவாக்கி 12 வாரம் கவனித்தனர். மெதுவாகச் செரிக்கும் உணவை உண்டவர்களுக்குச் சராசரியாக 23 பருக்களுக்கு மேல் குறைந்தன; மற்றவர்களுக்கு 12 குறைந்தன. முதற் பிரிவினரின் உடல் எடையும் குறைந்ததால், பலனில் எவ்வளவு உணவினால், எவ்வளவு எடைக் குறைவினால் என்று பிரித்துச் சொல்வது கடினம். எப்படியாயினும், உணவு மாற்றம் பருவைக் குறைக்கும். அடியோடு போக்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நம் வட்டாரத்தில் செய்யக்கூடியவை

விராலிமலை, அன்னவாசல், குன்றாண்டார்கோவில் பகுதிகளின் வானம் பார்த்த நிலங்களில் முன்பு வரகும் கேழ்வரகும் பரவலாக இருந்தன. நியாயவிலைக் கடையில் 2011 முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. ஏழை வீட்டில் அடுப்பெரிய உதவும் அத்திட்டத்தைக் குறை கூற இடமில்லை. மூன்று வேளையும் வெள்ளைச் சோறே போதும் என்ற பழக்கம்தான் மாற வேண்டும். ஒரு வேளையாவது வரகுச் சோறு உண்ணலாம். சிறுதானியம் என்றாலே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. கேழ்வரகை நைய அரைத்து, வெல்லம் போட்டுக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் விரைவாகவே சர்க்கரையாகும். முழு மணியாக வேகவைத்து, பயறும் கீரையும் சேர்த்து உண்பதே மேல். மழையில் நனைந்து பூஞ்சாணம் பிடித்த வரகைச் சமைக்க வேண்டாம். மயக்கமும் வாந்தியும் உண்டாகும்.

சோற்றை விட முடியாதவர்களுக்குப் பழைய சோறு இருக்கிறது. வடித்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது. மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் காலையில் உண்ணலாம்.

நிலக்கடலை தின்றால் பரு வரும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். இதற்கு உறுதியான சான்று இல்லை. மாறாக, நிலக்கடலை இரத்தச் சர்க்கரையை மிகக் குறைவாகவே ஏற்றுகிறது. மூட்டை மூட்டையாகக் கடலை விளைவிக்கும் வீட்டில் பிள்ளைக்குக் கடலையைத் தடுத்துவிட்டு பிஸ்கட் வாங்கிக் கொடுப்பது தலைகீழான காரியம். வேகவைத்த கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறுச் சுண்டல் ஆகியவை மாலைச் சிற்றுண்டிக்கு உகந்தவை. ஆலங்குடி அருகே வம்பனில் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்க, வம்பன் 8, வம்பன் 11 உளுந்தைப் பயிரிட்டு முழுவதையும் விற்றுவிடாமல் வீட்டுக்கும் சிறிது நிறுத்தி வைக்க வேண்டும்.

தேநீர்ச் சர்க்கரையைக் கணக்கிட்டுப் பாருங்கள். நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கரண்டி, கரண்டிக்கு 4 கிராம் என்றால் மாதம் 1.2 கிலோ ஆகிறது. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் இதற்கு விலக்கல்ல. பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் கூறினாலும், வளரும் பிள்ளைகளுக்குப் பாலை அறவே நிறுத்த வேண்டியதில்லை.

இம்மாற்றங்களின் பலனை ஒரு வாரத்தில் தேடக் கூடாது. உளுந்து விதைத்து அறுவடை செய்யும் காலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, 12 வாரமாவது பொறுக்க வேண்டும்.

அன்றாடப் பழக்கங்கள்

தலையில் வழிய வழியத் தேங்காய் எண்ணெய் தடவினால் நெற்றியில் துளைகள் அடைபடும். வயல் வேலையின்போது வியர்வையில் ஊறிய தலைத்துண்டையும் சும்மாட்டுத் துணியையும் நாள்தோறும் துவைக்க வேண்டும். காலையும் மாலையும் மென்மையான சோப்பினால் முகம் கழுவினால் போதும். பருவைக் கிள்ளினால் தழும்பு நிலைத்துவிடும். நம்மவர் தோலில் பரு ஆறிய இடம் கறுத்துப்போவதும், வெயில் பட்டால் அக்கறுப்பு மிகுவதும் இயல்பு. ஆகவே வெயிலில் தலைப்பாகையோ தொப்பியோ அணிய வேண்டும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் முகத்தைப் புண்ணாக்கும்.

களிம்பில் எச்சரிக்கை

யாரோ சொன்னார்கள் என்று வாங்கும் களிம்புகள் சிலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் முதலிய ஸ்டீராய்டு மருந்துகள் உள்ளன. முதலில் முகம் தெளிந்து வெளுப்பதுபோல் தோன்றும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும். பெண்களின் முகத்தில் உரோமம் வளரும். பருவும் முன்னைவிட மிகும். நிறுத்தினால் எரிச்சல் தாளாமல் மீண்டும் அதையே தடவுவர். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாதென மைய அரசு 2018-இல் ஆணையிட்டது. வாங்குமுன் உறையில் மருந்தின் பெயரைப் படித்துப் பார்க்கவும். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வருபவர்கள் மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும்.

ஆழமான, வலியுள்ள கட்டிகள், தழும்பாகும் பருக்கள் ஆகியவை உணவினால் மட்டும் தீரா. பருவுடன் மாதவிலக்கு ஒழுங்கின்மையோ முகத்தில் உரோம வளர்ச்சியோ இருப்பின் சினைப்பையில் கோளாறு இருக்கலாம். இவர்கள் 2017-இல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். கடும் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை தரப்படுவதுண்டு. அது கருவிலுள்ள குழந்தைக்கு ஊனம் விளைவிக்கக் கூடியது. ஆதலால் பெண்கள் அதனை உண்ணும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது. திருமணம் நிச்சயமாகியிருந்தால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.