பூட்டானும் மாலத்தீவும்: சுற்றுலாப் படங்கள் சொல்லாதவை

தெற்காசியாவில் மக்கள்தொகை மிகக் குறைந்த நாடுகள் இரண்டு. பூட்டானில் ஏறத்தாழ 7.8 லட்சம் பேர். மாலத்தீவில் 2022 கணக்கெடுப்பின்படி 5.15 லட்சம்; அதிலும் 1.3 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டவர். இரண்டையும் பற்றி நம்மிடம் சில உறுதியான நம்பிக்கைகள் உலவுகின்றன. பெரும்பாலானவை விடுமுறைக்குப் போய்வந்தவர்களின் புகைப்படங்களிலிருந்து பிறந்தவை.

நம்பிக்கை: உலகிலேயே மகிழ்ச்சியான நாடு பூட்டான்.

கொள்கையைச் சாதனையாக எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. பொருள் உற்பத்தியைவிட மக்களின் மகிழ்ச்சி முக்கியம் என்று மன்னர் ஜிக்மே சிங்கியே வாங்சுக் 1970களில் சொன்னார். 2008 அரசியல் சட்டத்திலும் அந்தக் கருத்து இடம்பெற்றது. கல்வி, உடல்நலம், நேரப் பயன்பாடு, சுற்றுச்சூழல் என ஒன்பது துறைகளில் கேள்வி கேட்டு அரசே அளக்கிறது; ஒருவர் எத்தனை மணிநேரம் தூங்குகிறார் என்பதுகூடக் கணக்கில் வரும். அளக்க முனைந்ததே பாராட்டுக்குரியது. ஆனால் அளப்பது வேறு, முதலிடத்தில் இருப்பது வேறு. 2019 உலக மகிழ்ச்சி அறிக்கையில் 156 நாடுகளில் பூட்டானுக்குக் கிடைத்தது 95ஆவது இடம்.

நம்பிக்கை: மாலத்தீவுக்காரர்கள் சொகுசாக வாழ்கிறார்கள்.

தண்ணீருக்கு மேல் நிற்கும் மரக்குடில்கள் விருந்தினர்களுக்கானவை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளில் மக்கள் குடியிருப்பவை 200க்குள்தான். மக்கள்தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு தலைநகர் மாலேயிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் நெருக்கியடித்து வாழ்கிறது. மாலே தீவின் பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டர் அளவுதான். ஊரே அடுக்குமாடி, சம்பளத்தில் பெரும்பகுதியை வாடகை விழுங்கிவிடும். கூட்டம் தாங்காமல் 1997 முதல் கடலைத் தூர்த்து ஹுல்ஹுமாலே என்ற புது நகரத்தையே எழுப்பிவருகிறார்கள்.

குடிநீரைப் பாருங்கள். மாலேயின் நிலத்தடி நீர் குடிக்க உதவாது. குழாயில் வருவது உப்பு நீக்கிய கடல்நீர். 2014 டிசம்பரில் அதைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வீட்டுக் குழாய்கள் வறண்டன. இந்திய விமானப்படை விமானங்களும் கடற்படைக் கப்பல்களும் தண்ணீர் கொண்டுபோய் இறக்க வேண்டியிருந்தது. நதிகளும் பனிமலைகளும் உள்ள பூட்டானில் ஒரே ஒரு ஆலை நின்றுபோய்த் தலைநகரமே தாகத்தில் தவிக்கும் நிலை வராது.

நம்பிக்கை: தலா வருமானத்தைப் பார்த்தாலே வாழ்க்கைத்தரம் தெரிந்துவிடும்.

தலா வருமானத்தில் மாலத்தீவு பூட்டானைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் அரிசி, வெங்காயம், முட்டை, வீடு கட்டும் மணல், கல் எல்லாமே கப்பலில் வர வேண்டும். தூத்துக்குடியிலிருந்தும் தோணிகள் போகின்றன. விடுதிகளின் வருமானம் எல்லார் கைக்கும் ஒரேபோல் வந்துசேர்வதும் இல்லை.

அதற்காக மாலத்தீவைக் குறைத்துப் பேசக் கூடாது. சராசரி ஆயுள் அங்கே 80 ஆண்டுகளை எட்டியிருக்கிறது, தெற்காசியாவிலேயே அதிகம். பூட்டானில் அது 70ஐச் சற்றே கடந்திருக்கிறது. மலேரியா ஒழிந்த நாடு என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் மாலத்தீவுக்குச் சான்றளித்தது. சிதறிக் கிடக்கும் தீவுகளில் இதைச் செய்துகாட்டியதை எந்த விடுமுறைப் படமும் காட்டாது. என் கணக்கில் அந்நாட்டின் மிகப் பெரிய வெற்றி இதுதான். பூட்டானும் சும்மா இருக்கவில்லை. அடிப்படை மருத்துவம் அங்கே இலவசம். மேல்சிகிச்சை தேவைப்படுவோரை அரசு செலவில் கொல்கத்தாவுக்கும் வேலூருக்கும் அனுப்புகிறார்கள். தட்டம்மையை இரு நாடுகளும் 2017இல் ஒழித்துவிட்டன.

நம்பிக்கை: பூட்டானில் பிறந்தவர் யாரும் ஊரைவிட்டுப் போக நினைக்கமாட்டார்.

2022இல் அந்நாட்டு இளைஞர்களில் வேலையின்மை 28.6 சதவீதம். ஆசிரியர்கள், செவிலியர்கள், அரசு ஊழியர்கள் எனப் பலரும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். படித்த தலைமுறை வெளியேறும்போது பள்ளியும் மருத்துவமனையும் ஆள் இல்லாமல் திணறும். இலவச மருத்துவம் என்ற நல்ல திட்டத்துக்கே அது ஆபத்து.

இவர்கள் விரும்பிப் போனவர்கள். தெற்குப் பூட்டானில் வாழ்ந்த நேபாளி மொழி பேசும் லோட்சாம்பா மக்களின் கதை வேறு. 1985 குடியுரிமைச் சட்டம் 1958இலோ அதற்கு முன்போ அங்கே வசித்ததற்கு ஆதாரம் கேட்டது. அடுத்து வந்த கணக்கெடுப்பில் பல குடும்பங்கள் அந்நியர் என்று முத்திரை குத்தப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் சுமார் ஒரு லட்சம் பேர், அதாவது நாட்டு மக்களில் கணிசமான பங்கினர், கிழக்கு நேபாள முகாம்களில் தஞ்சம் புகுந்தார்கள். 2007க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலானோரை அமெரிக்கா முதலான நாடுகள் ஏற்றுக்கொண்டன. பூட்டானின் மகிழ்ச்சிக் கணக்கெடுப்பு நாட்டுக்குள் இருப்பவர்களிடம் மட்டுமே நடத்தப்படுகிறது. சில ஆயிரம் பேர் இன்னும் அந்த முகாம்களில்தான் இருக்கிறார்கள். அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள பூட்டான் முன்வரவில்லை.