மகளிர் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால்

“உங்க மனைவி புகார் கொடுத்திருக்காங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அப்பா அம்மாவோட ஸ்டேஷனுக்கு வாங்க.” இப்படி ஒரு போன் வந்த வீட்டில் அன்றிரவு யாரும் தூங்குவதில்லை. புகாரைவிட, அந்த இரவின் பதற்றத்திலும் கோபத்திலும் செய்கிற காரியங்கள்தான் பல வழக்குகளைக் கெடுத்திருக்கின்றன.

மனைவியைக் கொடுமைப்படுத்துவது பற்றிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாக மாறியிருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம். ஜாமீனில் விட முடியாத குற்றம்தான். ஆனால் புகார் வந்தாலே கைது என்பதில்லை. காரணம் பதியாமல் இயந்திரம்போலக் கைது செய்யக்கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

செய்ய வேண்டியவை

• ஸ்டேஷனுக்குப் போகுமுன் கிரிமினல் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; தொலைபேசி எண் 15100.

• நோட்டீஸ் வந்தால் குறித்த நாளில் ஆஜராகுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 35ஆம் பிரிவின்படி, நோட்டீஸை மதித்து நடப்பவரைத் தகுந்த காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. ஊரைவிட்டு ஓடினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கைது அச்சம் நிஜமாக இருந்தால் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேளுங்கள்.

• திருமண நாளிலிருந்து நடந்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள். வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் செய்திகள், மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் சேருங்கள். பெற்றோரோ அக்காவோ தனி வீட்டில் இருந்தால் ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம் முக்கியம். குறிப்பான குற்றச்சாட்டு இல்லாமல் உறவினர் பெயர்களை வெறுமனே சேர்த்திருந்த வழக்கை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

• மனைவி கொண்டுவந்த நகையையும் சீரையும் திருப்பிக் கொடுங்கள். ஒரு வீட்டில் பார்த்தேன்: கூடத்தில் பாயை விரித்து, குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ், எவர்சில்வர் குடம் என்று அந்தத் தாய் ஒவ்வொன்றாக எடுத்துவைக்க, மகன் நோட்டில் எழுதினார். குடத்தின் கழுத்தில் மருமகளின் பெயர் வெட்டியிருந்தது; அதை முந்தானையால் துடைத்துத் தனியே வைத்தார் அந்த அம்மா. எடை பார்த்து, போட்டோ எடுத்து, இரு வக்கீல்கள் முன்னிலையில் ஒப்படைத்து, பட்டியலில் கையெழுத்து வாங்கினார்கள். பிடித்துவைத்திருந்தால் நம்பிக்கை மோசடி என்று இன்னொரு வழக்கு சேர்ந்திருக்கும்.

செய்யக்கூடாதவை

• மனைவியிடமோ அவர் வீட்டாரிடமோ போய் “கேஸை வாபஸ் வாங்கு” என்று நிற்காதீர்கள். மாமாவையும் சித்தப்பாவையும் தூது அனுப்புவதும் அதேதான். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை போட்டிருந்தால், அதை மீறுவதே தனிக் குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

• போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். உங்களுக்குப் பாதகமான செய்தியாக இருந்தாலும் அழிக்காதீர்கள். மனைவியின் போனில் அது இருக்கும்.

• வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

• மனைவியின் நடத்தையைப் பற்றி ஃபேஸ்புக்கிலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ ஒரு வரிகூட எழுதாதீர்கள். அது உங்களைக் காப்பாற்றாது; கொடுமைக்குச் சாட்சியாக அதையே காட்டுவார்கள். அதைவிட, அது தவறு. 498ஏ பிரிவு 1983இல் வந்ததற்குக் காரணம் வரதட்சணைக்காக எரிந்துபோன பெண்கள். அந்தப் பயத்தோடுதான் இன்றும் பலர் காவல் நிலைய வாசலை மிதிக்கிறார்கள்.

• ஸ்டேஷனில் சமாதானம் எழுதிக் கொடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு இந்த வழக்கைத் தங்களுக்குள் ராஜியாகி முடிக்க முடியாது. இருவரும் ஒத்துப்போனாலும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தால்தான் ஆயிற்று.

• பிள்ளைகளைச் சாட்சியாகத் தயார் செய்யாதீர்கள்.

உண்மையிலேயே கை நீட்டியிருந்தால் அதை வக்கீலிடம் மறைக்காதீர்கள். இன்றே வேறு இடத்தில் போய்த் தங்குங்கள், பிள்ளைகளின் செலவுக்கு வங்கி வழியாகப் பணம் அனுப்புங்கள். இன்னொரு முறை அந்தக் கை ஓங்கக்கூடாது.