பைனரி சர்ச்சா? அது ஈஸி சார்!

நம்பிக்கை: புரோகிராம் மனப்பாடமானால் அல்காரிதம் கைவசம்.

உண்மை: லேபில் பைனரி சர்ச் என்றதும் மாணவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். போன செமஸ்டர் ரெக்கார்ட் நோட்டிலேயே இருக்கிறதே! ஒரு மாணவி எழுதியதில் ஓரிடம் பிசகு: 'லோ = மிட் + 1' என்று வர வேண்டியது 'லோ = மிட்' என்று இருந்தது. ஐந்து எண்களைக் கொடுத்து, நடுவில் இருந்ததைத் தேடினாள், விடை வந்தது. "10, 20 ரெண்டே எண். 20-ஐத் தேடும்மா, பேப்பர்ல" என்றேன். லோ 0, ஹை 1, மிட் 0. அங்கே இருப்பது 10, சிறியது. அதனால் லோ மறுபடி 0. மிட் மறுபடி 0. மூன்றாம் சுற்றில் பேனாவைக் கீழே வைத்தாள். "சார், இது நிக்கவே நிக்காது." அன்றைக்கு அதற்கு மேல் நான் எதுவும் நடத்தவில்லை.

நம்பிக்கை: இப்படித் தடுமாறுவது கத்துக்குட்டிகள்தான்.

உண்மை: அமெரிக்காவின் கார்னகி மெலனில் ஜான் பென்ட்லி, புதிதாகச் சேர்ந்த பிஎச்.டி. மாணவர்களை முதல் வகுப்பிலேயே பைனரி சர்ச் எழுத வைத்தார். பெரும்பாலானவை தப்பு. அந்த வகுப்பில் இருந்த ஜோஷுவா பிளாக்தான் பின்னாளில் ஜாவாவின் பைனரி சர்ச்சை எழுதியவர். அதில் ஏறக்குறைய ஒன்பது வருடம் ஒரு பிழை ஒளிந்திருந்ததை 2006-இல் அவரே வெளியிட்டார். மிட் காண லோவையும் ஹையையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார். கூட்டுத்தொகை 2147483647-ஐத் தாண்டினால் இன்ட் கொள்ளாது, மைனஸில் போய் விழும். அரேயில் 107 கோடிக்கு மேல் எண்கள் இருந்தால்தான் இது தலைகாட்டும். அந்தக் காலத்தில் யார் அவ்வளவு போட்டுப் பார்த்தார்கள்? பென்ட்லி தன் புத்தகத்தில் சரியென்று நிறுவிக் காட்டிய நிரலிலும் இதே பிழை! லோ + (ஹை - லோ) / 2 என்று எழுதினால் தீர்ந்தது.

நம்பிக்கை: இன்சர்ஷன் சார்ட் பரீட்சைக்கு மட்டும்தான்.

உண்மை: பைத்தானுக்காக 2002-இல் டிம் பீட்டர்ஸ் எழுதிய டிம்சார்ட், சின்னத் துண்டுகளை இன்சர்ஷன் சார்ட்டிடம்தான் ஒப்படைக்கிறது.

நம்பிக்கை: அனிமேஷன் போட்டுக் காட்டினால் புரிந்துவிடும்.

உண்மை: வாய் பிளந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். நான் குவிக் சார்ட் படத்தைப் பாதியில் நிறுத்தி, "அடுத்து எது நகரும்?" என்று கேட்பேன். வகுப்பு கப்சிப். கொஞ்ச நேரம் கழித்து, கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்துப் பையனிடம் பேனா கடன் கேட்பான்.