விடுதியில் சேருமுன்: மண்ணூர்ப் பக்கம் வேலைக்கு வரும் பெண்களுக்கு

முன்பணம் கட்டுவதற்கு முன் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெண்கள் விடுதி நடத்த, தமிழ்நாட்டின் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரின் உரிமம் கட்டாயம். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

அடுத்து நேராகச் சமையலறைக்குப் போங்கள். 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே விடுதிச் சாப்பாட்டால் செல்போன் ஆலைப் பெண்கள் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடிய பிறகே நிலைமை வெளியே தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டா, கடைசியாக எப்போது கழுவினார்கள், நைட் ஷிப்ட் முடித்து வருபவருக்கு வைக்கும் சோறு எத்தனை மணிக்கு வடித்தது? வெட்கப்படாமல் கேளுங்கள்.

இரவில் வாசலைப் பூட்டினால் சாவி உள்ளே யாரிடம் இருக்கும் என்பதையும் கேளுங்கள். தீப்பிடித்தால் வெளியேற அதுதான் வழி. ‘பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறோம்’ என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன்.

நம் பக்கத்திலும் கவனம் வேண்டும்: அறையில் வாட்டர் ஹீட்டர் ராடு வேண்டாம், தலையணைக்கடியில் செல்போன் சார்ஜ் வேண்டாம்.

தொந்தரவு என்றால் 181. உடனடி ஆபத்துக்கு 112.