உலா வராத ஊர்திகள்

நுழையும்முன்

நாம் சாலையில் காணும் ஒவ்வொரு வகை மகிழுந்தும் முதலில் ஒற்றை வண்டியாகவே பிறந்தது. அந்த ஒற்றை வண்டிக்கு முன்மாதிரி என்று பெயர். முன்மாதிரிகளுள் பல, தொழிற்சாலையின் வாயிலைத் தாண்டாமலேயே நின்றுபோயின. தமிழ்நாட்டில் பிறந்து நின்றுபோன ஒரு முன்மாதிரியின் வரலாற்றையும், ஒரு கண்டுபிடிப்பு மக்களைச் சென்றடையக் கடக்க வேண்டிய படிகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தேரும் தச்சனும்

சென்னை மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாளன்று கபாலீசுவரர் கோயில் தேர் மாட வீதிகளில் உலா வருகிறது. காண வந்தோரின் கண்கள் தேரின் உச்சியை நோக்கி நிற்கும். தேரைச் செலுத்துவோரின் கண்களோ சக்கரத்தைவிட்டு அகலா. சக்கரம் செவ்வனே அமையாவிடில், எத்தனை பேர் வடம் பிடித்தாலும் தேர் நிலையைவிட்டு நகராது.

இவ்வுண்மையைச் சங்கப் புலவர் ஔவையார் நன்கு அறிந்திருந்தார். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆற்றலைப் பகைவர்க்கு உணர்த்தப் புறநானூற்றின் 87ஆம் பாடலில் ஒரு சக்கரத்தை உவமையாக்குகிறார். அது நாளொன்றுக்கு எட்டுத் தேர்களைச் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் முயன்று உருவாக்கிய ஒற்றைச் சக்கரம். விரைந்து பலவற்றைச் செய்யும் திறனும், ஒன்றை மட்டும் ஆழ்ந்து செய்யும் திறனும் ஒரே கையில் இருப்பதை இவ்வுவமை காட்டுகிறது. இன்றைய தொழில்துறை முன்னதைப் பெருமளவு உற்பத்தி என்றும், பின்னதை முன்மாதிரி ஆக்கம் என்றும் அழைக்கும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு நாம் எண்ணுவதைவிடப் பெரிது.

கருத்துருவும் முன்மாதிரியும்

உற்பத்திக்கு முந்தைய வண்டிகள் இருவகைப்படும். "இப்படியும் ஒரு வண்டி இருக்கலாம்" என்னும் எண்ணத்தைக் கண்முன் நிறுத்துவது கருத்துரு மகிழுந்து. அது கண்காட்சிக்கு உரியது. ஓடியே தீர வேண்டும் என்னும் கட்டாயம் அதற்கு இல்லை. "இந்த வண்டியைத்தான் செய்யப்போகிறோம், இது தாங்குமா?" என்று சோதிப்பதற்காகச் செய்யப்படுவது முன்மாதிரி.

1938இல் அமெரிக்காவில் ஹார்லி ஏர்ல் என்பவரின் தலைமையில் உருவான 'பியூக் ஒய்-ஜாப்' உலகின் முதல் கருத்துரு மகிழுந்தாகக் கருதப்படுகிறது. அது விற்பனைக்கு வரவில்லை. எனினும் அதன் வடிவக் கூறுகள் பின்வந்த வண்டிகளில் இடம்பெற்றன. 1958இல் ஃபோர்டு நிறுவனம் காட்டிய 'நியூக்ளியான்' சிறிய அணு உலையால் இயங்கும் வண்டியாகக் கற்பனை செய்யப்பட்டது. அது சிற்றுருவப் பொம்மையாகவே நின்றுவிட்டது. விபத்தில் அந்த உலை உடைந்தால் என்ன ஆகும் என்னும் எளிய வினாவுக்கே அதனிடம் விடை இல்லை.

1963இல் கிறைசுலர் நிறுவனம் சுழலி எந்திரத்தால் இயங்கும் 50 மகிழுந்துகளைச் செய்து, பொதுமக்களிடம் முறைவைத்து ஓட்டக் கொடுத்தது. வண்டிகள் நன்றாகவே ஓடின. ஆனால் எரிபொருளை மிகுதியாகக் குடித்தன, முடுக்கியவுடன் பாயத் தயங்கின. சோதனை முடிந்தபின் அவற்றுள் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. ஓடும் வண்டி எல்லாம் விற்கும் வண்டி ஆகிவிடாது என்பதை இந்நிகழ்வு தெளிவாக்குகிறது.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. 1903இல் சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் இயங்கும் மகிழுந்து ஒன்றைச் சென்னையிலேயே உருவாக்கினார். அன்றைய சென்னையில் இறக்குமதியான மகிழுந்துகளே அரிய காட்சியாக இருந்தன. ஆனால், நீராவி வண்டியைக் கிளப்பக் கொதிகலன் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். நீரையும் அடிக்கடி நிரப்ப வேண்டும். பெட்ரோல் எந்திரம் உலகெங்கும் முந்திக்கொண்டது. நீராவி மகிழுந்து வரலாற்றின் ஓரத்தில் ஒதுங்கியது.

கோவையின் கைவண்ணம்

கோயம்புத்தூர் மாவட்டம் கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. உலகம் இவரை ஜி.டி. நாயுடு என்று அறியும். இவர் பள்ளிப்படிப்பை முறையாகத் தொடரவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தது. உணவகத்தில் பணியாற்றிப் பணம் சேர்த்து அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஊர் சுற்றவில்லை. பகுதி பகுதியாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். அதுவே அவருடைய பொறியியல் கல்லூரி ஆயிற்று.

1920இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். அது பெரிய நிறுவனமாக வளர்ந்தது. மின்சவரக் கத்தி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, வாக்குப்பதிவு எந்திரம் எனப் பல கருவிகளை அவர் உருவாக்கினார்.

அவருடைய ஆக்கங்களுள் இரண்டை அருகருகே வைத்து நோக்குவது நமக்குப் பயன்தரும். ஒன்று மின்மோட்டார், மற்றொன்று மகிழுந்து.

சென்றதும் நின்றதும்

1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து ஜி.டி. நாயுடு மின்மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. அது பல்லாயிரமாகப் பெருகியது. கோவை இன்று மோட்டாருக்கும் நீரேற்றும் பம்புக்கும் பெயர்பெற்று விளங்குவதற்கு அம்முயற்சி வித்திட்டது.

1952இல் இருவர் அமர்ந்து செல்லத்தக்க பெட்ரோல் மகிழுந்தை அவர் உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய் எனத் திட்டமிட்டார். செல்வர்க்கு மட்டுமே உரியதாய் இருந்த மகிழுந்தை நடுத்தரக் குடும்பத்தின் வாயிலுக்குக் கொண்டுவருவதே அவருடைய நோக்கம். ஆயினும், உற்பத்திக்குரிய உரிமத்தை அரசு வழங்கவில்லை. மகிழுந்து முன்மாதிரி நிலையிலேயே நின்றுபோயிற்று.

ஒரே ஊர், ஒரே மனிதர், அதே அறிவு. ஒன்று சென்றது, மற்றொன்று நின்றது. காரணம் யாது?

முதற்காரணம் காலம். 1930களில் பைகாரா நீர்மின்சாரம் கோவைப் பகுதியை எட்டியது. கிணற்றுப் பாசனத்தை நம்பிய உழவர்க்கும், நூற்பாலைகளுக்கும் மோட்டார் உடனடித் தேவையாக இருந்தது. பொருள் பிறக்கும்போதே அதை வாங்குவோரும் காத்திருந்தனர்.

இரண்டாவது காரணம் சட்டம். தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1951இல் இயற்றப்பட்டு, 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், பட்டியலில் உள்ள தொழில்களைப் புதிதாகத் தொடங்க நடுவணரசின் உரிமம் தேவைப்பட்டது. 1937இல் மோட்டாரின் முன் இல்லாத கதவு 1952இல் மகிழுந்தின் முன் இருந்தது. அது சாத்தப்பட்டும் இருந்தது.

மூன்றாவது காரணம் பொருளின் இயல்பு. மோட்டாரின் உறுப்புகள் சில. அவற்றைச் சிறு பட்டறைகளும் செய்துவிடும். மகிழுந்தின் உறுப்புகளோ பல்லாயிரம். தகடு, கண்ணாடி, உருளிப்பட்டை, மின்கலம், தடை எனப் பல தொழில்கள் ஒருங்கே வளர்ந்த இடத்தில்தான் மகிழுந்துத் தொழில் வேரூன்றும்.

இருபக்க நியாயம்

உரிமம் மறுத்த செயலை இன்று குறைகூறுவது எளிது. அக்காலச் சூழலையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில் எஃகும் அந்நியச் செலாவணியும் அரிதாக இருந்தன. பாசனம், மின்சாரம், உணவு ஆகியவற்றுக்கே முதல் ஐந்தாண்டுத் திட்டம் முன்னுரிமை அளித்தது. சொந்த மகிழுந்தைவிடப் பொதுப் பேருந்தே தேவை என்னும் கருத்தும் வலுவுடையதே.

மேலும், ஒரு வண்டியைச் செய்து காட்டுவது வேறு. அதே விலையில் பத்தாயிரம் வண்டிகளைச் செய்வது வேறு. முன்மாதிரியின் உடலைத் தச்சரும் கொல்லரும் கையால் தட்டி உருவாக்கலாம். ஒரு கதவு பொருந்தாவிட்டால் அதை அங்கேயே சீவிப் பொருத்தலாம். தொழிற்சாலையில் அது இயலாது. எந்தக் கதவை எடுத்தாலும் எந்த வண்டிக்கும் பொருந்த வேண்டும். அதற்குத் தகட்டை அழுத்தி வடிக்கும் எஃகு அச்சுகள் தேவை. அவற்றின் விலை மிகப் பெரிது. வண்டிகள் பல்லாயிரம் விற்றால்தான் அச்சின் விலை பங்கிடப்பட்டு ஒரு வண்டியின் விலை குறையும்.

குறைந்த விலை மட்டுமே வெற்றியைத் தந்துவிடாது என்பதற்குப் பிற்காலச் சான்று ஒன்று உண்டு. 2008இல் டாட்டா நிறுவனம் ஒரு இலட்சம் ரூபாய் என்னும் இலக்குடன் 'நானோ' மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. உரிமத் தடை இல்லை, பெருமுதலும் இருந்தது. ஆயினும், எதிர்பார்த்த அளவு விற்பனையின்றி ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அதன் உற்பத்தி ஓய்ந்தது.

அப்படியாயின் ஜி.டி. நாயுடுவின் மகிழுந்து வென்றிருக்காது என்று முடிவு கட்டலாமா? அதுவும் பொருந்தாது. நானோ மக்கள்முன் வைக்கப்பட்டது. மக்கள் தம் தீர்ப்பை வழங்கினர். கோவையின் மகிழுந்துக்கு அவ்வாய்ப்பே அமையவில்லை. தோல்வி என்பது ஓடித் தோற்றவருக்கு உரிய சொல். ஓடுகளத்தில் இறங்க விடப்படாதவரைத் தோற்றவர் என்று சொல்வது முறையாகாது.

தொடர்ந்த வினா

சிறிய மகிழுந்து குறித்த கனவு அத்துடன் முடியவில்லை. மகாராட்டிர மாநிலம் இச்சல்கரஞ்சியைச் சேர்ந்த சங்கர்ராவ் குல்கர்ணி, 1949இல் 'மீரா' என்னும் சிறிய மகிழுந்தின் முதல் மாதிரியை உருவாக்கினார். 1970 வரை அதைத் திருத்தியும் புதுக்கியும் வந்தார். அதுவும் உற்பத்தியை எட்டவில்லை. இடைக்காலத்தில் எல்.கே. ஜா தலைமையிலான குழு, குறைந்த விலை மகிழுந்து நாட்டுக்குத் தேவையா என்பதை அரசுக்காக ஆராய்ந்தது. கோவைப் பட்டறையில் எழுந்த வினா, தில்லியின் மேசைக்கும் சென்று சேர்ந்தது எனலாம். அவ்வினாவுக்கு விடையாக 'மாருதி 800' மக்கள் கைக்கு வந்த நாள் 1983 டிசம்பர் 14. அதற்குள் முப்பத்தோர் ஆண்டுகள் கடந்திருந்தன. மகிழுந்து உற்பத்திக்கான உரிம முறை 1993இல் நீக்கப்பட்டது.

இன்று முன்மாதிரிகளுக்கு வேறொரு வாயில் உண்டு. நடுவண் மோட்டார் ஊர்தி விதிகள் (1989), ஒவ்வொரு புதிய வகை ஊர்தியின் முன்மாதிரியும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பால் சோதிக்கப்பட வேண்டும் என்கின்றன. சென்னையை அடுத்த ஒரகடத்தில் இத்தகைய சோதனை மையம் இயங்குகிறது. முன்பு "நீ செய்யலாமா?" என்று கேட்ட வாயில், இன்று "நீ செய்தது பாதுகாப்பானதா?" என்று கேட்கிறது. இரண்டாவது வினாவே கேட்கத் தகுந்தது.

எஞ்சி நிற்பது

நின்றுபோன முன்மாதிரி வீணாவதில்லை. அதைச் செய்த கைகள் பழகுகின்றன. அதைக் கண்ட இளைஞர் உள்ளம் விழிக்கிறது. ஜி.டி. நாயுடு பொருள்களோடு நில்லாமல், தொழிற்கல்வி நிலையங்கள் அமையவும் துணைநின்றார். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அவருடைய முயற்சியோடு தொடர்புடையது. மகிழுந்து நின்றது, மகிழுந்து செய்யத் தெரிந்த தலைமுறை நிற்கவில்லை. 1974 ஜனவரி 4 அன்று அவர் மறைந்தார்.

மாணவர்களே! பள்ளி அறிவியல் கண்காட்சியில் நீங்கள் செய்துவைக்கும் அட்டை மாதிரியும் ஒரு முன்மாதிரியே. கண்காட்சி முடிந்ததும் அது வகுப்பறை மூலைக்குச் செல்கிறதா, அடுத்த ஆண்டு மேலும் சீராக்கப்படுகிறதா என்பதை எண்ணிப்பாருங்கள். மாதம் முழுதும் ஒரே சக்கரத்தைச் செய்த தச்சனின் பொறுமை உங்களுக்கு வேண்டும். அந்தச் சக்கரம் உருளத் தடையற்ற வீதியை அமைத்துத் தரும் கடமை சமூகத்திற்கு வேண்டும். இரண்டும் கூடும் நாளில்தான் தேர் உலா வரும்.

சொல்லும் பொருளும்

முன்மாதிரி – உற்பத்திக்கு முன் சோதனைக்காகச் செய்யப்படும் முதல் பொருள்
கருத்துரு – எண்ணத்தைக் காட்டும் மாதிரி வடிவம்
உரிமம் – தொழில் நடத்த அரசு வழங்கும் ஒப்புதல்
அச்சு – தகட்டை ஒரே வடிவில் வடிக்கும் கருவி
அந்நியச் செலாவணி – வெளிநாட்டு வணிகத்திற்குப் பயன்படும் பிறநாட்டுப் பணம்

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. ஜி.டி. நாயுடு இருவர் அமரும் மகிழுந்தை உருவாக்கிய ஆண்டு
அ) 1920 ஆ) 1937 இ) 1952 ஈ) 1983

குறுவினா
2. கருத்துரு மகிழுந்து, முன்மாதிரி – வேறுபடுத்துக.
3. நீராவி மகிழுந்து நிலைபெறாமைக்குரிய காரணங்கள் யாவை?

சிறுவினா
4. மின்மோட்டார் பெருகியதற்கும் மகிழுந்து நின்றதற்கும் உரிய காரணங்களை ஒப்பிடுக.
5. ஔவையாரின் சக்கர உவமையை இப்பாடக் கருத்துடன் பொருத்திக் காட்டுக.

நெடுவினா
6. "ஓடுகளத்தில் இறங்க விடப்படாதவரைத் தோற்றவர் என்று சொல்வது முறையாகாது." இக்கூற்றை ஏற்கிறீர்களா? காரணங்களுடன் கட்டுரைக்க.

கற்பவை கற்றபின்
உங்கள் ஊரிலுள்ள பட்டறை ஒன்றுக்குச் சென்று, அங்குச் செய்யப்பட்டும் விற்பனைக்கு வராத கருவி ஏதேனும் உண்டா எனக் கேட்டறிந்து, அது நின்றதற்கான காரணத்தை ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.