புல்லோடு சேர்த்து எழுது

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. அம்பிதோயி என்னும் அந்தச் சிறு ஆம்பிபாட் வகை ஓட்டுடலியின் ஏழு ஜோடி நெஞ்சுக்கால்களையும், அவற்றுள் முதலிரண்டு பற்றுக்கைகளாக அமைந்திருப்பதையும், ஒரு ரோமங்கூடத் தப்பாமல் நீ எழுதியிருக்கிற சிரத்தையைக் கண்டு மனம் பூரித்தேன். ஆயினும் வெள்ளைத்தாளின் நடுவே அது ஆதாரமின்றி அந்தரத்தில் நிற்பது எனக்குச் சம்மதமில்லை.

உன் பிராயத்தில் நானும் ஸ்பிரிட் புட்டியிலிருந்து எடுத்த பிரேதங்களையே பார்த்து எழுதினேன். ஒரு நாள் மண்டபம் ஊருக்கு வடக்கே, மீனவர் பெண் கடல் என்று சொல்லும் பாக் விரிகுடாவில், இடுப்பளவு நீரில் நின்று கடற்புல்லை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓர் இலையின் விளிம்பு மட்டும் தனியே பிரிந்து நகர்ந்தது. குனிந்து பார்த்தால், விரல்நகத்தின் நீளந்தான் இருக்கும், ஒரு ஹிப்போலைட் இறால்! இலையின் பசுமையே அதன் பசுமை. இலையின் நீளவாக்கிலேயே உடலை ஒட்டவைத்துக்கொண்டு, என் விரல் ஒரு பக்கம் போனால் அது மறுபக்கம் சுற்றி ஒளிந்தது. அதே இறாலை நான் பல முறை வெளிறிய வெள்ளையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஸ்பிரிட்டில் அந்தப் பச்சை நில்லாது என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

நிறம் மட்டுமா? நீ அவ்வளவு நுட்பமாக எழுதியிருக்கும் அம்பிதோயியின் மூன்றாம், நான்காம் ஜோடிக் கால்களில் பட்டுப்போன்ற நூலைச் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த நூலால் இலையை வளைத்துப் பிணைத்து, அது தனக்கு ஒரு குழல்வீடு கட்டிக்கொள்கிறது. இலை இல்லாத படத்தில் அந்தக் கால்களுக்கு என்ன வேலை? இத்தகைய சிறு ஜீவன்கள் பல, இலைமேல் படர்ந்து சூரிய வெளிச்சத்தை மறைக்கும் பாசியை மேய்ந்து அகற்ற, அதனால் புல் தழைக்கிறது. புல் தழைப்பதால் அவை பிழைக்கின்றன.

மேலும், வலையில் விழும் பெரிய இறால்கள் முட்டைகளைக் கடலிலேயே விட்டுவிட, குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து நெடுந்தூரம் போய்க் கரைசேருகின்றன. ஆம்பிபாடுக்கோ அந்த மிதக்கும் பாலபருவமே கிடையாது. தாய் தன் மார்பின் கீழுள்ள பையில் முட்டைகளைச் சுமக்கிறாள். வெளிவரும் குஞ்சு தாயின் உருவத்திலேயே, தாய் இருந்த இலையிலேயே, வாழ்வைத் தொடங்குகிறது. ஆகையால் இழுவை மடி ஒரு புல்வெளியை வாரிக்கொண்டு போய்விட்டால், அங்கே மறுபடி குடியேறத் தொலைவிலிருந்து வருவார் அரியர். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நல்ல காரியம். ஆவுளியா என்னும் அந்தக் கடற்பசுவின் பேரால் காக்கப்படும் அந்தப் புல்லில் பேர் தெரியாத இவையும் பிழைக்கட்டும். இவற்றின் முகத்தை ஜனங்களுக்குக் காட்டும் பொறுப்பு உன்னைப்போன்ற சித்திரக்காரர்களுடையது.

இனங்களைப் பிரித்தறிய, கே. நாகப்பன் நாயர் சென்னைக் கரையின் ஆம்பிபாட்களைப் பற்றி எழுதி, 1959-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்ட நூலை எப்படியாவது தேடிப் படி. ஆனால் புத்தகத்தைத் திறக்குமுன் கடலில் இறங்கு. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளித்தாலும் பெண் கடல் அடங்கியிருக்கும்; அப்போது புறப்பட்டு வா. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கடல்நீரோடு இலையையும் வைத்து, ஜீவன் உயிரோடிருக்கும்போதே வர்ணத்தைத் தீட்டிவிட்டு, அப்புறம் உருப்பெருக்கியை எடு. அடுத்த படத்தின் அடியில் உயிரின் பெயரோடு அது இருந்த புல்லின் பெயரையும் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்