லாரி எஞ்சின் கொதிப்பது ஏன்? விசிறியும் நீரும் பற்றிய ஒரு பாடம்

நமது மாவட்டத்தில் சங்கங்களுக்குச் சொந்தமாகவும் வாடகைக்காகவும் ஓடும் லாரிகளுள் பல, வயது முதிர்ந்தவை. வடசேரியின் துணிப் பொதிகள் திருநெல்வேலி செல்வதும், வாழைத்தார்கள் களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் சேர்வதும், தோவாளைப் பூக்கூடைகள் விடியுமுன் புறப்படுவதும் இத்தகைய வண்டிகளை நம்பியே நடைபெறுகின்றன. துணிப்பொதி ஒரு நாள் வழியில் கிடந்தால் வட்டி நஷ்டம் மட்டுமே. ஆனால் மட்டிப்பழத் தாரும் பிச்சிப்பூவும் அவ்வாறு காத்திரா. எஞ்சினோ இவை எல்லாவற்றினும் விலை மிகுந்தது. அளவு மீறிச் சூடேறிய எஞ்சினில் சிலிண்டர் தலை கோணலாகும், ஹெட் கேஸ்கட் எரியும், பிஸ்டன் இறுகி நின்றுவிடவுங்கூடும். ஒரு ஃபேன் பெல்ட் வாங்கத் தயங்கியவர்கள் இறுதியில் எஞ்சினையே பிரிக்கும் செலவை ஏற்க நேர்வது அடிக்கடி காணும் காட்சியே. ஆகையால் வண்டி ஓட்டாத அங்கத்தினரும், குறிப்பாக நிர்வாகக் குழுவினரும், இவ்விஷயத்தை ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

டீசல் எரிவதால் உண்டாகும் உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை இழுக்கும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பெரும் பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதத்தில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏற்றுக்கொண்டு ரேடியேட்டரில் கொண்டுவந்து கொட்டுகிறது. அங்கே காற்று அதனை வாங்கிச் செல்லவேண்டும். ஆக, கொதிப்பு நேரின் காரணம் மூன்றே இடங்களில் இருக்கலாம்: நீர் போதவில்லை அல்லது ஓடவில்லை; காற்று போதவில்லை; இரண்டும் சரியாக இருக்க எஞ்சினே வழக்கத்திற்கு மிஞ்சிய உஷ்ணத்தை உண்டாக்குகிறது.

மெக்கானிக் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, “எப்போது சூடேறுகிறது?” என்பதே. ஸ்பானரை எடுப்பது அதன் பின்னரே. சந்தை வாசலில் நிற்கும்போதும், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற நெருக்கடியான இடங்களில் ஊர்ந்து செல்லும்போதும் முள் ஏறி, வெட்டவெளியில் வேகமாக ஓடும்போது இறங்கினால், குற்றம் பெரும்பாலும் விசிறியைச் சார்ந்தது. வேகமாக ஓடுங்கால் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரச் செய்துவிடுவதால் விசிறியின் குறை அப்போது வெளிப்படுவதில்லை. இதற்கு மாறாக, ஊருக்குள் சரியாக இருந்து, பாரத்தோடு நெடுஞ்சாலையில் வேகம் எடுத்த பின்னர் சூடேறினால், ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைபட்டிருக்கலாம், அல்லது நீர் போதிய அளவு சுழலவில்லை.

இவ்விடத்தில் நமது நாட்டிற்கே உரிய ஒரு விசேஷத்தைக் கூறவேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிறைந்திருப்பதும் அக்காற்றின் பொருட்டே. நாகர்கோவிலிலிருந்து பணகுடி நோக்கிச் செல்லும் லாரிக்கு இக்காற்று முதுகுக் காற்று. வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர, காற்றும் அதே வேகத்தில் பின்னிருந்து வீசுமாயின், ரேடியேட்டரின் முன்னே காற்று அசையாது நின்றதற்கே சமானம். அப்போது முழுப் பொறுப்பும் விசிறியின் மேல் விழுகிறது. அதே வண்டி அதே பாரத்தோடு திரும்பி வருங்கால் எதிர்க்காற்றில் குளிர்ந்து ஓடும். “போகும்போது கொதிக்கிறது, வரும்போது கொதிக்கவில்லை, பேய் பிடித்த வண்டி” என்று டிரைவர் கூறினால் சிரிக்கவேண்டாம், விசிறியைப் பாருங்கள்.

அதற்கு முன் முள் கூறுவது மெய்தானா என்று அறிவது அவசியம். பழைய வண்டிகளில் முள்ளுக்குச் செய்தி அனுப்பும் உறுப்பும் அதன் ஒயரும் பழுதாகிப் பொய் கூறுவதுண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீரில் ஒரு வெப்பமானியை வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சூடேறுவதை முள்ளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 80 டிகிரியை நெருங்குமுன் நிறுத்திவிட வேண்டும்.

இனி விசிறி. பழைய லாரிகளில் பெல்ட் ஒன்றே விசிறியையும் வாட்டர் பம்பையும், பலவற்றில் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரையும் சேர்த்துச் சுழற்றுகிறது. ஆகவே ஓடும் வண்டியில் சார்ஜ் விளக்கு திடீரென எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். பாட்டரிதானே, ஊர் போய்ப் பார்ப்போம் என்று ஓட்டிக்கொண்டு போவது பெரும் பிழை. அத்தகைய வண்டியில் விசிறியும் பம்பும் நின்றுபோய் சில நிமிஷங்களில் எஞ்சின் கொதித்துவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை தாழலாம் என்பது பொதுவான அளவு. வண்டியின் கையேட்டில் வேறு அளவு குறித்திருந்தால் அதுவே பிரமாணம். மிகவும் இறுக்கினால் பம்பின் பேரிங் தேயும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தால் அது வழுக்குகிறது என்று பொருள். பெல்ட் தன் இரு பக்கங்களால் கப்பியைப் பற்றவேண்டும். தேய்ந்து கப்பியின் அடியில் போய் உட்கார்ந்த பெல்ட்டை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை.

பெல்ட் சரியாயிருந்தும் காற்று குறைவாயின் இலைகளை நோக்குக. ஒர்க்ஷாப்பில் கழற்றிய விசிறியை முன்பின்னாக மாற்றிப் பூட்டிவிடுவது அபூர்வமன்று. அப்போதும் அது காற்றை அதே திசையில்தான் தள்ளும். ஆதலால் எவரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் இலையின் வளைவு மாறிப்போவதால் காற்றின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். விசிறியைச் சுற்றியுள்ள தகட்டுக் கூடு வேண்டாத பொருளென்று கழற்றி எறியப்பட்டிருப்பதையும் காண்கிறோம். அக்கூடு இல்லையேல் விசிறி ரேடியேட்டரின் வழியே காற்றை இழுக்காமல், எஞ்சினருகே உள்ள சுடுகாற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றிக்கொண்டிருக்கும்.

இதனைச் சோதிக்க நெசவாளர் வீட்டில் கருவிக்குப் பஞ்சமில்லை. ஒரு நீண்ட குச்சியின் நுனியில் ஒரு சாண் நூலைக் கட்டி, எஞ்சின் ஓடுகையில் வண்டியின் முன்புறம் நின்று ரேடியேட்டரின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் பிடித்துப் பாருங்கள். நூல் உள்நோக்கி இழுபட வேண்டும். எங்கே தொய்ந்து தொங்குகிறதோ அங்கே காற்றில்லை. விசிறி இருக்கும் பின்புறத்தில் இச்சோதனையைச் செய்யவே கூடாது; வேட்டி நுனியும் துண்டும் எவ்வளவு எளிதில் சிக்கும் என்பது தறியருகே வாழ்வோர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

சற்றுப் பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் விசிறியின் குடத்தினுள் சிலிக்கான் எண்ணெய் அடங்கிய கிளட்ச் ஒன்று உண்டு. ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடாகும்போது முன்னுள்ள இரட்டை உலோகச் சுருள் வளைந்து எண்ணெய்க்கு வழிவிட, விசிறி இறுகப் பற்றிச் சுழலும். காற்று குளிர்ந்தால் தளரும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் சுழற்றுங்கால் ஒருவித எதிர்ப்பு தெரியவேண்டும். பம்பரம்போல் தங்குதடையின்றிப் பல சுற்றுச் சுழன்றால், அல்லது குடத்தைச் சுற்றி எண்ணெய்க் கறை படிந்திருந்தால், கிளட்ச் தீர்ந்தது எனலாம். அதனைப் போல்ட் போட்டு இறுக்கி நிரந்தரமாகச் சுழலவிடுவது சிலர் கையாளும் வைத்தியம். வழியில் அகப்பட்டவன் ஊர் சேர்வதற்கு அது உதவும். நாள்தோறும் அவ்வாறு ஓட்டினால் விசிறியைச் சுழற்றவே வீணாக டீசல் செலவாகும். மின்விசிறி பூட்டிய சிறு வண்டிகளில் ஃபியூஸ், ரிலே, சூட்டினால் இயங்கும் சுவிட்ச் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கவேண்டும். சிலவற்றில் எஞ்சின் நின்றபின்னும் விசிறி தானாகச் சுழலத் தொடங்குமாதலின் பாட்டரி ஒயரைக் கழற்றாமல் கை வைக்கலாகாது.

ரேடியேட்டரின் முகத்தில் பஞ்சுத்துகளும், அறுவடைக் காலத்து வைக்கோல் தூசியும், பூச்சிகளும் படிந்து கம்பளிபோல் மூடிவிடும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெல்லிய விசையில் நீர் பாய்ச்சிக் கழுவுக. அதிவிசை நீர் தகடுகளை மடக்கிவிடும். உள்ளே அடைபட்டதை அறிய, வண்டி ஓடி நின்று எஞ்சினை நிறுத்தியபின் முகப்பில் கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் போதும். சூட்டினிடையே குளிர்ந்த திட்டுகள் இருப்பின் அக்குழாய்களில் நீர் ஓடவில்லை. இந்த அடைப்புக்கு நாமே காரணம். அகஸ்தீசுவரம் கடற்கரைப் பக்கத்து உவர்க்கிணற்று நீரை ஊற்றினால் உப்பும் சுண்ணாம்பும் படியாமல் வேறென்ன ஆகும்? மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ கொண்டு, துருத் தடுக்கும் கூலண்ட் கலந்து ஊற்றுவதே முறை.

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடியென்று எண்ணுவோர் பலர். சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அழுத்தத்தை அது தாங்கினால், நீர் 100 டிகிரியில் கொதியாமல் ஏறத்தாழ 111 டிகிரி வரை பொறுக்கும். ரப்பர் வாஷர் தேய்ந்த மூடி அந்த லாபத்தை இழந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது மற்றொரு தவறான வழக்கம். சில எஞ்சின்களில் அது இல்லாவிடில் சுடுநீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியே திரும்பிவிடும். மற்றவற்றில் எஞ்சின் போதிய சூடு பெறாமல் தேய்ந்து டீசலைத் தின்னும். ஐயமிருந்தால் அதனை ஒரு பாத்திர நீரில் தொங்கவிட்டு அடுப்பிலேற்றி, மேலே பொறித்துள்ள டிகிரியை ஒட்டித் திறக்கிறதா என்று பார்க்கலாம்.

காற்றும் நீரும் சரியாயிருந்தும் கொதித்தால், ரேடியேட்டரில் இடைவிடாது குமிழி எழுகிறதா, எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று நோக்குக. இவை ஹெட் கேஸ்கட் போனதற்கு அடையாளம். பிரேக் விடாமல் உரசுவதும், எரிபொருள் பம்பின் டைமிங் பிந்துவதும், அளவுக்கு மீறிய பாரமும் எஞ்சினைச் சூடேற்றும். பாரத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் சரக்கு ஏற்றுவோர் செவிடராகிவிடுகிறார்கள்!

வழியில் கொதித்துவிட்டால் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். மூடியை உடனே திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் ஆவியாய்ச் சீறி முகத்தையும் கண்ணையும் வெந்துபோகச் செய்யும். இதில் அகப்படுபவன் பெரும்பாலும் அனுபவமற்ற கிளீனர் பையனே. அரைமணி நேரமாவது ஆறவிட்டு, நனைத்த சாக்கை மடித்து மூடியின்மேல் போட்டு, முதற்படிவரை மட்டும் திருப்பி ஆவி அடங்கியபின் முழுதும் திறக்கவேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஒரேயடியாக ஊற்றினால் சிலிண்டர் தலை வெடித்துவிடக்கூடும். நன்றாக ஆறியபின் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்றுக. பின்னர் எந்த இடத்தில், எவ்வளவு பாரத்தில், எத்திசைக் காற்றில் கொதித்தது, எத்தனை லிட்டர் நீர் பிடித்தது என்பதை டிரைவர் வண்டிப் புத்தகத்தில் குறித்து, மெக்கானிக்கிடம் வண்டியோடு அப்புத்தகத்தையும் கொடுக்கவேண்டும்.